புதிய சில்லும் பழைய மின்வழங்கலும்

திருகோணமலையிலிருந்து வடக்கு நோக்கிப் புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியில், நிலாவெளியைக் கடந்து குச்சவெளியை அணுகுமுன், களப்பு கடலோடு கலக்குமிடத்தில் இருப்பது இறக்கக்கண்டி. முன்னாளிற் பாதையேறிக் கடந்த நீரினை இப்போது பாலத்தின்மேற் கடக்கின்றோம். ஒரு பக்கம் கடற்காற்று. மறு பக்கம் களப்பின் உவர்க்காற்று. இரும்பென்றும் செம்பென்றும் பாராது எல்லாவற்றையும் தின்னும் இக்காற்றின் நடுவே மின்பொறிகளைப் பேணுதல் எளிதன்று. அவ்வூர்க் கோயிலொன்றின் ஒலிவிரியலாக்கிப் பெட்டியில் நாம் செய்த ஒரு திருத்தமும், அத்திருத்தத்தால் நேர்ந்த பிழையும், அப்பிழையிலிருந்து நாம் கற்றதுமே இக்கட்டுரையின் பொருளாகும். எமது கல்லூரியின் பௌதிகக் கூடத்தில் ஓமின் விதியை ஒப்புவித்துப் பாராட்டுப் பெற்ற நாம், அவ்விதியை ஒரு திருவிழா மாலையில் மறந்திருந்தோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் முறை.

செயற்பாட்டு விரியலாக்கி என்பது இன்று உயர்தரப் பௌதிகம் கற்கும் மாணவர் யாவரும் அறிந்த பெயர். அப்பெயரை 1947ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுரையில் இரகசினி என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் வழங்கினர். கூட்டல், கழித்தல், தொகையிடல் முதலிய கணிதச் செயல்களை மின்னழுத்தங்களைக் கொண்டு செய்யவல்லது ஆகலின் அது செயற்பாட்டு விரியலாக்கி எனப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பில்பிரிக் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த கே2-டபிள்யூ என்னும் கருவி இரண்டு வெற்றிடக் குழாய்களைக் கொண்டு, நேர் 300 வோல்ற்றும் மறை 300 வோல்ற்றும் உண்டு வாழ்ந்தது. பின்னர் பெயர்ச்சைல்ட் நிறுவனத்திற் பொப் விட்லர் 1965இல் 709 என்னும் சில்லையும், அந்நிறுவனத்திலேயே டேவ் புல்லகார் 1968இல் 741 என்னும் சில்லையும் ஆக்கினர். குழாய்க்கு முந்நூறு வோல்ற்று வேண்டியிருந்த இடத்திற் சில்லுக்குப் பதினைந்து வோல்ற்றுப் போதுமாயிற்று. அன்று தொட்டு ஏறக்குறைய ஒலிக்கருவிகள் யாவும் நேர் 15, மறை 15 என்னும் இரட்டை வழங்கலையோ அதற்கு அண்ணியதையோ கைக்கொண்டன.

இச்சில்லுகளுட் பெரும்பாலானவற்றின் கால்வைப்பு ஒன்றே. இரண்டு விரியலாக்கிகளைத் தன்னகத்தே அடக்கிய எட்டுக் காற் சில்லாயின், நான்காங் கால் மறை வழங்கலுக்கும் எட்டாங் கால் நேர் வழங்கலுக்கும் உரியன. ஆதலாற் பழைய 4558 என்னும் சில்லைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் என்.ஈ. 5532 ஐயோ, எல்.எம். 4562 ஐயோ இருத்திவிடலாம். இச்செயலில் ஈடுபடும் அன்பர்கள் உலகெங்கும் உளர். மணிக்கூட்டின் பட்டையை மாற்றுவது போல அத்துணை எளிது இவ்வேலை. அந்த எளிமையே அதன் இடரும் ஆகும். குழி ஏற்றுக்கொண்டதனாலேயே மின்வழங்கலும் ஏற்றுக்கொண்டது என்று நாம் கருதிவிடுகின்றோம்.

இறக்கக்கண்டிப் பெட்டிக்கு வருவோம். அது நான்கு ஒலிவாங்கிகளை ஏற்கும் கலவைப்பகுதியும் ஆற்றல் விரியலாக்கியும் ஒரே பேழையில் அமைந்த பழம்பெட்டி. அதனுள்ளே 4558 சில்லுகள் நான்கு இருந்தன. பெட்டியின் இரைச்சல் சற்று மிகுதி. பாடுவோர் வாய் மூடியிருக்கும்போது சோவென்று மழை பெய்வது போன்ற ஓசை ஒலிபெருக்கியிற் கேட்கும். கோயிலார் எம்மிடம் கூறியபோது, "இது சிறு காரியம்" என்று சொல்லி, நான்கு சில்லுகளையும் நீக்கி 5532 சில்லுகள் நான்கினை இருத்தினோம். நடுப்பகலிற் சோதித்தோம். மழையோசை நீங்கியது, குரல் தெளிந்தது. கோயிலார் மகிழ்ந்தனர். நாமும் சிறிது மிகையாகவே மகிழ்ந்தோம்.

அன்று மாலைத் திருவிழாப் பூசையின் பின், அவ்வூரிற் பல்லாண்டுகளாகப் பண்ணிசை பாடிவரும் முதியவர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். முதற் பதிகம் ஒருவாறு சென்றது. இரண்டாம் பதிகத்தில் மேலெடுத்துப் பாடத் தொடங்கியதும் குரல் கரகரத்தது. மத்தளம் சேர்ந்து ஒலித்தபோது முற்றாக உடைந்தது. தகரத்தில் ஆணி கொண்டு கீறியது போல ஓசை எழுந்தது. அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். மீண்டும் பாடினார், மீண்டும் உடைந்தது. பெட்டியின் பிழையென்று அவர் கருதவில்லை. தம் குரலே போயிற்றென்று கருதினார். ஒலிவாங்கியை மெல்ல அப்பால் நகர்த்திவிட்டு எழுந்து மண்டபத்தின் ஓரத்திற்குச் சென்று இருந்துவிட்டார். அவருடைய இடத்தில் இளைஞர் ஒருவர் தாழ்ந்த குரலிற் பாடி நிறைவு செய்தார். நாம் பெட்டியின் அருகே நின்றுகொண்டு, புதிய சில்லுகள் போலியாக இருக்குமோ என்று ஐயுற்றோமேயன்றி, எமது கணக்கை ஐயுறவில்லை.

மறுநாட் காலையிற் பெட்டியைத் திறந்து அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதனை விளக்குமுன் அப்பெட்டியின் மின்வழங்கல் எவ்வாறு அமைந்தது என்பதைக் கூறவேண்டும். சில்லுகளுக்கெனத் தனி நிலைமாற்றி அதில் இல்லை. ஆற்றல் விரியலாக்கிக்குரிய நேர் 35, மறை 35 வோல்ற்று வழங்கலிலிருந்து, பக்கத்துக்கு ஒன்றாக 680 ஓம் தடையொன்றின் வழியே ஓட்டத்தை இறக்கி, அதன் முடிவில் 15 வோல்ற்றுச் சேனர் இருவாயியொன்றை வைத்திருந்தார்கள். மலிவான கருவிகள் பலவற்றில் இவ்வமைப்பைக் காணலாம். மலிவென்று இகழ்வதற்கில்லை, கணக்குச் சரியாயின் நன்றாகவே தொழிற்படும்.

அக்கணக்கு வருமாறு. 35 வோல்ற்றில் 15 போக எஞ்சுவது 20. அதனை 680ஆற் பிரித்தால் ஏறக்குறைய 29 மில்லி அம்பியர். தடையின் வழியே வரக்கூடிய ஓட்டம் இவ்வளவே. 4558 சில்லொன்று ஏறக்குறைய 3.5 மில்லி அம்பியர் உண்ணும். நான்கும் சேர்ந்து 14. மிகுதியாகிய 15 மில்லி அம்பியரைச் சேனர் விழுங்கிக்கொண்டு அழுத்தத்தை 15 வோல்ற்றில் நிறுத்தும். சேனர் என்பது அணைக்கட்டின் வான்கதவு போன்றது. மிகுதி நீர் அதன்மேல் வழிந்துகொண்டிருக்கும்வரை குளத்தின் மட்டம் மாறாது. வழிதல் நின்றுவிட்டால் வான்கதவு இருந்தும் இல்லாததே. குளத்தின் மட்டம் வரும் நீரையும் போகும் நீரையும் பொறுத்து ஏறி இறங்கும்.

5532 சில்லொன்று உண்பது ஏறக்குறைய 8 மில்லி அம்பியர். நான்கும் சேர்ந்து 32. தடை தரவல்லதோ 29. வான்கதவில் வழிதல் அப்போதே நின்றுபோயிற்று. அழுத்தம் 15இல் நில்லாது, 35 வோல்ற்றிலிருந்து 680 ஓமிலே 32 மில்லி அம்பியர் இழக்கும் 21.8 வோல்ற்றைக் கழித்த மிகுதியாகிய 13.2 வோல்ற்றுக்கு வந்தது. நடுப்பகலிற் பெட்டி நன்றாகப் பாடியதற்குக் காரணம் இதுவே. பதினைந்துக்குப் பதிலாகப் பதின்மூன்று இருப்பதைச் செவி அறியாது. வோல்ற்றுமானியை ஒருமுறை வைத்திருந்தாற் கண் அறிந்திருக்கும். நாம் வைக்கவில்லை.

மாலையில் நடந்தது வேறு. எமது நாட்டு மின்வழங்கல் 230 வோல்ற்று என்பது ஏட்டளவிற் சரி. நீண்ட கம்பித்தொடரின் கடைசியில், விளக்குகளெல்லாம் ஏற்றப்பட்டு, திருவிழா அலங்கார மின்குமிழ்களும் சேர்ந்துகொண்ட வேளையில், கோயிலின் சுவர்க்குதையில் நாம் அளந்தது 190 வோல்ற்று. அப்போது 35 என்பது அதே விகிதத்திற் குறைந்து ஏறக்குறைய 29 ஆகும். அதிலிருந்து அதே 21.8ஐக் கழித்தால் எஞ்சுவது 7.1. இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. சில்லு உண்ணும் ஓட்டம் அழுத்தம் குறைந்தாலும் பெரிதும் குறைவதில்லை. ஆதலால் தடையில் இழக்கும் 21.8 வோல்ற்று மாறாது நிற்க, மூலத்திற் குறைந்த ஆறு வோல்ற்றும் அப்படியே சில்லின் பங்கிலிருந்து பறிபோகின்றது. செல்வந்தனுக்கு ஆறு ரூபா நட்டம் ஒன்றுமில்லை. பதின்மூன்று ரூபா உள்ளவனுக்கு அது பாதிச் சொத்து.

அதன்மேல் மத்தளம் முழங்கியது. முழக்கத்திற்கு வேண்டிய ஓட்டத்தை ஆற்றல் விரியலாக்கி இழுத்தபோது பெரிய வழங்கல் இன்னும் நான்கு வோல்ற்றுத் தாழ்ந்தது எனக் கொள்வோம். 7.1இலிருந்து அந்நான்கும் போனால் எஞ்சியது 3.1 வோல்ற்று. 5532 போன்ற சில்லுகளின் வெளியீடு வழங்கல் அழுத்தத்தின் விளிம்புவரை செல்வதில்லை. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை வோல்ற்றை விட்டே நிற்கும். ஆகவே பதின்மூன்றரை வோல்ற்றுவரை ஏறியிறங்க இடமிருந்த குரலுக்கு இப்போது எஞ்சிய இடம் ஒன்றரை வோல்ற்றுச் சொச்சம். கூரை தாழ்ந்த வீட்டில் உயரமானவர் தலை இடிப்பது போல, மேலெழுந்த குரலின் முகடுகள் யாவும் வெட்டுண்டன. உடைந்தது முதியவரின் குரலன்று. அது நிற்பதற்கு நாம் வைத்த கூரை.

பழைய சில்லுகள் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் கணித்துப் பார்த்தோம். அதே தாழ்ந்த வேளையிற் பெரிய வழங்கல் 24.9 வோல்ற்று, அதில் 15 போக 9.9, 680ஆற் பிரித்தால் 14.6 மில்லி அம்பியர். நான்கு சில்லுகளின் தேவை 14. மயிரிழையில் நின்றிருக்கும்! அப்பெட்டியை ஆக்கிய பொறியியலாளர், முகமறியாத அவர், எமது ஊர்க் கம்பித்தொடரின் கடைசியையும் நினைத்தே அத்தடையைத் தெரிந்தெடுத்தாரோ என்னும்படி அக்கணக்கு அமைந்திருந்தது. மலிவான பெட்டியென்று நாம் நினைத்ததில் எவ்வளவு எண்ணம் அடங்கியிருந்தது!

இனித் திருத்தும் வழி. நான்கு புதிய சில்லுகளையும் வைத்துக்கொண்டு தடையைக் குறைப்பது முதலிலே தோன்றும் வழி. தாழ்ந்த வேளையிலும் 32 மில்லி அம்பியருக்குமேற் கிடைக்கவேண்டுமாயின் தடை 270 ஓம் ஆகவேண்டும். ஆனால் அழுத்தம் தாழ்வது போலச் சில வேளைகளில் உயர்வதும் உண்டு. நள்ளிரவில் 250 வோல்ற்று வந்தால் 35 என்பது 38 ஆகும். அப்போது தடையின்மீது 23 வோல்ற்று. அதிலெழும் வெப்பம் ஏறக்குறைய 2 வாற்று. சேனர் தாங்கவேண்டியது 0.8 வாற்று. ஒரு வாற்றுச் சேனருக்கு அது விரலைச் சுடும் சூடு. எவரேனும் சில்லுகளைக் கழற்றிவிட்டு ஆளியைப் போட்டுப் பார்த்தால், முழு ஓட்டமும் சேனரின் தலையில் விழுந்து 1.3 வாற்றாகும், சேனர் மாளும். சில்லில்லாத வெறுங்குழியோடு இத்தகைய பெட்டிக்கு மின்னூட்டுதல் ஆகாது என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க. வெறுமையாயிருந்தால் தீங்கில்லை என்று தோன்றும்; இவ்வமைப்பில் வெறுமையே பெருஞ்சுமை.

சேனரை நீக்கி 7815, 7915 என்னும் மூன்றுகால் ஒழுங்காக்கிகளை வைத்தாலென்ன என்று கேட்பாருளர். நல்ல கேள்வி. ஆனால் 7815 ஏற்கும் உள்ளீட்டின் எல்லை 35 வோல்ற்று. எமது வழங்கலோ சாதாரண வேளையிலேயே அவ்வெல்லையைத் தொட்டு நிற்கின்றது; இரவில் அதனைக் கடந்துவிடும். தடையொன்றினால் முன்னரே சிறிது இறக்கியபின் வைத்தால் ஒழுங்காக்கி வாழும். இன்னும் ஒன்று: இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றினாலும் கால்வைப்பு வேறு. 7815இல் நடுக்கால் நிலம். 7915இல் நடுக்கால் உள்ளீடு. வெப்பத்தகட்டோடு பொருந்தும் உலோக முதுகு நடுக்காலோடு இணைந்தது ஆகையால், 7915இன் முதுகைக் காவலிடாது பேழையோடு திருகினால் மறை வழங்கல் முழுவதும் நிலத்தோடு குறுக்கிடும். இதனை அறியாது புகைகண்ட கைகள் பல.

நாம் ஈற்றில் மேற்கொண்ட வழி எளியது. சிறிது நாணத்தோடு கூறவேண்டியதும் ஆகும். நான்கு சில்லுகளையும் மாற்றவேண்டிய தேவையே இருக்கவில்லை. பல படிகள் கொண்ட விரியலாக்கியில் இரைச்சலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதற் படியே. ஒலிவாங்கியின் மிகச் சிறிய குறிப்பை முதலிற் பெருக்கும் சில்லின் இரைச்சல், பின்வரும் படிகள் யாவற்றாலும் பெருக்கப்படும். பின்படிகளின் இரைச்சலோ ஏற்கெனவே பெருத்த குறிப்பின் நிழலில் மறைந்துபோம். எமது பெட்டியில் நான்கு ஒலிவாங்கிகளுக்குரிய முதற் படிகள் இரண்டு சில்லுகளில் அடங்கின. அவற்றுட் பாடுவோருக்கும் பேசுவோருக்கும் பயன்படும் இரண்டு வாயில்கள் ஒரே சில்லில் இருந்தன. அதில் மட்டும் 5532ஐ வைத்து, மற்ற மூன்று குழிகளுக்கும் பழைய 4558களையே மீட்டோம். மொத்தத் தேவை 18.5 மில்லி அம்பியர். தடைகளை 680இலிருந்து 470 ஓமாகக் குறைத்தோம். தாழ்ந்த வேளையிலும் 21 மில்லி அம்பியர் கிடைக்கும். உயர்ந்த வேளையிலே தடையில் 1.1 வாற்று, ஆதலால் மூன்று வாற்றுத் தடை. வெறுங்குழியோடு ஆளியைப் போட்டாலும் சேனர் காண்பது ஒரு வாற்றுக்குக் கீழ். இதற்குமேல் என்ன வேண்டும்?

ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு விரித்தோம். அழுத்தத்தின் எல்லையைப் பற்றியும் சில கூறல் வேண்டும். 4558, டி.எல். 072 ஆகியன நேர் மறை 18 வோல்ற்றுவரை தாங்குவன. 5532 நேர் மறை 22ஐத் தாங்கும். ஓ.பி.ஏ. 2604 நேர் மறை 24 வோல்ற்றிலும் தொழிற்படும். ஏ.டி. 8620 என்னும் விலையுயர்ந்த சில்லோ நேர் மறை 13க்கு மேற் செல்லலாகாது. அதனை நேர் மறை 15 வோல்ற்றுக் குழியில் இருத்துவோர், கொடுத்த விலையைப் புகையாகக் காண்பர். ஐந்து வோல்ற்றிலே வாழப் பிறந்த கையடக்கக் கருவிச் சில்லுகளும் எட்டுக்கால்களோடுதான் வருகின்றன. கால் ஒத்திருப்பதனாற் குலமும் ஒத்திருக்குமென்று கொள்ளற்க.

இதற்கு மறுதலையாகச் சிலர் சில்லு தாங்குமே என்று வழங்கலை உயர்த்த விரும்புவர். பன்னிரண்டைப் பதினைந்தாக்கினாற் கிடைக்கும் ஆதாயம் என்ன? வெளியீட்டின் எல்லை பத்தரையிலிருந்து பதின்மூன்றரைக்கு ஏறும். அது இரண்டு டெசிபெல்லுக்குச் சற்று மேல். செவிக்கு அது ஒரு சிறு படி. ஆனால் அப்பலகையில் 16 வோல்ற்று என எழுதப்பட்ட மின்பகு கொள்ளளவிகள் இருந்து, வழங்கலை 18க்கு உயர்த்திவிட்டால், ஆதாயம் வெடியோசையாக வரும். சிறுபயனுக்குப் பெரும் பிழை தேடாதிருத்தல் நன்று.

அடுத்து, வேகம் மிகுந்த சில்லுகளின் இயல்பு. 4558இன் வீச்சு ஏறக்குறைய 3 மெகாஹேர்ட்ஸ், 5532இனது 10, எல்.எம். 4562இனது 55. மனிதச் செவி 20 கிலோஹேர்ட்சுக்கு மேற் கேளாதாயினும், சில்லு அந்த மீடிறன்களிலும் விழித்திருக்கின்றது. வழங்கற் கம்பி நீளமாயின், அக்கம்பியின் தூண்டற்றன்மையால் விரைவான ஓட்டம் உரிய நேரத்திற் சில்லை அடையாது. சில்லு தானே அலையத் தொடங்கும். அவ்வலைவு செவிக்குக் கேளாது, சில்லு சுடும், ஓசையிற் காரணம் தெரியாத கரகரப்புத் தோன்றும். 4558 அமைதியாயிருந்த பலகையில் அதன் வேகமிக்க தம்பி அமைதியாயிருப்பான் என்று கூறமுடியாது. இதற்கு மருந்து, நான்காம் எட்டாம் கால்களுக்கு மிக அண்மையில் 0.1 மைக்கிரோபரட் மண்பீங்கான் கொள்ளளவிகளை வைத்தல்.

இம்மருந்திலும் ஒரு நுட்பம் உண்டு. பத்துச் சென்ரிமீற்றர்க் கம்பியின் தூண்டற்றன்மை ஏறக்குறைய 0.1 மைக்கிரோஹென்றி. அதனோடு 0.1 மைக்கிரோபரட் சேர்ந்தால் இரண்டும் ஒரு பரிவுச் சுற்றாகி ஏறக்குறைய 1.6 மெகாஹேர்ட்சிலே மணிபோல ஒலிக்கும். இறக்கக்கண்டியிலே இவ்வெண் எம்மைச் சிறிது சிந்திக்க வைத்தது. டொய்ச்ச வெல்ல என்னும் ஜேர்மன் வானொலி 1984இல் நிலாவெளிக்கு வடக்கேயுள்ள இக்கரையோரத்திலே தனது அஞ்சல் நிலையத்தை நிறுவியது. 2013 முதல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பிற்கு வந்தது. சிற்றலை ஒலிபரப்பிகளோடு, 1548 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையில் 400 கிலோவாற்று ஒலிபரப்பியொன்றும் ஜேர்மானியர் காலத்தில் இங்கிருந்து தென்னாசியா முழுவதும் கேட்கப்பட்டது. 1.548க்கும் 1.6க்கும் தூரம் அதிகமில்லை. மாபெரும் ஒலிபரப்பு நிலையங்களின் அயலில் வாழும் மக்கள் ஒலிபெருக்கியில் அழையா விருந்தாக வானொலி பேசுவதைக் கேட்பது உலகெங்கும் அறிந்த செய்தி. நீண்ட ஒலிவாங்கிக் கம்பியும் வழங்கற் கம்பியும் வானலைவாங்கியாக, சில்லின் வாயிலிலுள்ள திரான்சிற்றர் தானே சீராக்கியாகி, பேச்சைப் பிரித்துக் கொடுத்துவிடும். வழங்கலில் வரும் குழப்பத்தைச் சில்லு புறக்கணிக்கும் ஆற்றல் தாழ்ந்த மீடிறன்களில் மிக நன்று. இலட்சத்தில் ஒரு பங்குகூட உட்புகாது. மீடிறன் பத்து மடங்காகும்தோறும் அவ்வாற்றல் பத்திலொன்றாகிக்கொண்டே செல்லும். வானொலி மீடிறனை அடையும்போது ஏறக்குறைய ஒன்றுமே எஞ்சாது. ஆதலின் அங்கே காவல் சில்லின் வேலையன்று; கொள்ளளவியின் வேலை. அக்கொள்ளளவியே அதே மீடிறனிற் பரிந்து ஒலித்தால் வேலி பயிரை மேய்ந்த கதையாகும்.

மண்பீங்கான் கொள்ளளவியின் பக்கத்தில் 22 அல்லது 47 மைக்கிரோபரட் மின்பகு கொள்ளளவியொன்றை வைத்தால் அம்மணியோசை அடங்கும். விந்தை யாதெனில், மின்பகு கொள்ளளவியின் குறையென்று கூறப்படும் உள்தடையே, ஏறக்குறைய ஓர் ஓம் அளவில் இருந்து, இங்கே நன்மை செய்கின்றது. மேற்கூறிய கம்பிக்கும் கொள்ளளவிக்கும் பொருந்திய தணிப்பு அவ்வோர் ஓமே. விலைகூடிய, உள்தடையற்ற கொள்ளளவியைத் தேடிப் போட்டவர் ஓசையை அடக்காது வளர்த்தவராவார்.

சில்லுக்குழியைப் பற்றி ஒரு சொல். உவர்க்காற்றிலே தகரப்பூச்சுக் குழிகளின் இதழ்கள் சில ஆண்டுகளிற் கறுத்துவிடும். குறிப்புச் செல்லும் காலில் தொடுகை கெட்டால் உடனே ஓசையிற் தெரியும். வழங்கற் காலிற் கெட்டால், நாம் மேலே கூறிய 680 ஓமோடு இன்னுமொரு தடை அழையாமல் வந்து சேர்ந்தது போலாகும். பெட்டி சில வேளை பாடும், சில வேளை முனகும். இவ்வூரிற் சில்லை மாற்றுவதாயின், பழைய குழியைக் கழற்றிப் பொன்முலாம் பூசிய கடைசற்காற் குழியை வைப்பதற்கு ஆகும் சில ரூபாவைச் செலவென்று எண்ணலாகாது. எமது அளவீட்டிற் குழிகளுளொன்றின் எட்டாங்காலிலே கால் வோல்ற்று வீணாகிக்கொண்டிருந்தது. 8 மில்லி அம்பியருக்குக் கால் வோல்ற்றென்றால் அத்தொடுகையின் தடை 30 ஓமுக்கு மேல்! அக்குழியையும் மாற்றினோம்.

எல்லாம் முடிந்தபின் நாம் செய்தது, முதல் நாளே செய்திருக்கவேண்டியது. மாலை ஏழு மணிக்கு, ஊரின் விளக்குகள் யாவும் எரிந்துகொண்டிருக்கையில், பெட்டியைத் திறந்துவைத்து, ஒலிவாங்கியின் முன்னே இளைஞர் ஒருவரை உரக்கப் பேசச்செய்து, மத்தளத்தையும் முழக்குவித்து, நான்காம் எட்டாம் கால்களில் வோல்ற்றுமானியை வைத்துப் பார்த்தோம். நேர்ப்பக்கம் 14.9, மறைப்பக்கம் 14.8. முழக்கத்தின்போதும் முள் அசையவில்லை. தடைகள் கைபொறுக்கும் சூடு.

அம்முதியவரிடம் சென்று நடந்ததைக் கூறினோம். தடையும் சேனரும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. "அப்ப தம்பி, என்ரை தொண்டையிலை பிழை இல்லையோ?" என்று மட்டும் இருமுறை கேட்டார். "இல்லை ஐயா, பிழை எங்கடை கையிலை" என்றோம். அன்று பூசை முடிந்ததும் வந்தமர்ந்தார். பாடத் தொடங்குமுன் பெட்டியை ஒருமுறை பார்த்து, எம்மையும் ஒருமுறை பார்த்து, "இண்டைக்கு ஆர் முதல் உடையிறது, நானோ இதுவோ, பாப்பம்" என்றார்.

இரண்டு பதிகங்கள் பாடினார். மேலெடுத்த இடத்தில் ஒருமுறை குரல் சற்றுத் தளர்ந்தது. நாம் திடுக்கிட்டு வோல்ற்றுமானியை நோக்கினோம். முள் பதினைந்திலேயே நின்றது. அத்தளர்வு எண்பதை அணுகிய அவருடைய குரலுக்கே உரியது.